மீன் யாருக்குச் சொந்தம்?

"பிடிபடும் மீன்கள் யாவும் படகுக்கே உரியவை."

மொரீசியஸ் தீவின் மேற்குக் கரையில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறையில் ஓர் அறிவிப்புத் தொங்கியது. அதன் கடைசி வரி இது. அதற்கு மேலே, வாள் போன்ற மூக்குடைய பெருமீன் ஒன்று கடலிலிருந்து துள்ளி எழும் வண்ணப்படம். அரைநாள் ஆழ்கடல் மீன்பிடிப்பு. ஆறு பேர் வரை செல்லலாம். தூண்டில், குடிநீர், சிற்றுண்டி யாவும் கட்டணத்தில் அடக்கம். கட்டணமோ சில நூறு யூரோக்கள்.

என் மகன் அந்தக் கடைசி வரியை இருமுறை படித்தான். "பணம் கொடுப்பது நாம், வெயிலில் உட்கார்ந்து பிடிப்பதும் நாம். மீன் மட்டும் அவர்களுக்கா? இது என்ன நியாயம் அப்பா?" என்றான். வரவேற்பறையில் இருந்த பெண் இந்தக் கேள்விக்குப் பழகியவள் போலும். இத்தீவின் படகுகளில் நெடுங்காலமாக அதுவே வழக்கம் என்று புன்னகையோடு விடை கூறினாள். முணுமுணுத்துக்கொண்டே மறுநாளுக்கு முன்பதிவு செய்தான் அவன்.

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். நான் கடற்கரைப் பங்கு ஒன்றில் பிறந்தவன். என் பாட்டனார் கட்டுமரத்தில் கடலுக்குச் சென்றவர். ஒரு புயலுக்குப் பின் அவர் கரை திரும்பவில்லை. அப்போது பத்து வயதுச் சிறுவனாயிருந்த என் தந்தையைப் பங்குச் சுவாமியார் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தார். அவர் எழுத்தர் ஆனார். நான் ஆசிரியர் ஆனேன். என் மகன் பொறியாளன். தம் மக்கள் ஒருவரும் கடலில் கால் வைக்கலாகாது என்பதில் என் தந்தை கடைசிவரை உறுதியாயிருந்தார். எங்கள் வீட்டில் மீன் உண்டு. கடலைப் பற்றிய பேச்சுக் கிடையாது. அறுபது வயதுவரை நான் தூண்டில் பிடித்தவனல்லன். பாட்டன் பிழைப்புக்காகச் செய்ததைப் பேரனும் கொள்ளுப்பேரனும் பணம் கட்டிப் பொழுதுபோக்காகச் செய்யப் போகிறோம் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் எரிமலைத் தீவு மொரீசியஸ். பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மாறி மாறி ஆளப்பட்டு, 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்ற நாடு. மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். தமிழருக்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர்கள் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தனர். பின்னர் 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியோர் பல்லாயிரவர். தீவின் ரூபாய்த் தாள்களில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. விமான நிலையத்தில் முதன்முதலாக அதைக் கையில் வாங்கியபோது என் மனைவி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறை வளையம் சூழ்ந்திருக்கிறது. வளையத்துக்கு உட்புறம் முழங்காலளவும் இடுப்பளவுமாய்த் தெளிந்த நீர். வெளியேயோ, குறிப்பாகத் தென்மேற்கில், கடலின் தரை திடீரெனச் சரிந்து பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. வேறு நாடுகளில் நாளெல்லாம் ஓடிச் சேர வேண்டிய ஆழ்கடலை இங்கே அரைமணி நேரத்தில் அடைந்துவிடலாம். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வெப்பக் காலத்தில் நீல மர்லின் என்னும் பெருமீன் இவ்வாழத்தின் ஓரமாய் இரை தேடி வருகிறது. நம் கரையோரத்து மீனவர் 'மயில் மீன்' என்றழைக்கும் மீனின் நெருங்கிய உறவினம் இது. மூக்கு ஈட்டியாய் நீண்டிருக்கும். பெண் மீன்கள் நானூறு, ஐந்நூறு கிலோவையும் தாண்டுவதுண்டு. ஆண் மீன்கள் அவ்வளவு வளர்வதில்லை. இதைத் தேடித்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் செல்வர்கள் ரிவியேர் நுவார் என்ற சிற்றூருக்கு வருகின்றனர். 'கறுப்பு ஆறு' என்பது அப்பெயரின் பொருள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் படகுத்துறைக்குச் சென்றோம். என் மனைவியும் மருமகளும் உடன் வரவில்லை. தலைநகர் போர்ட் லூயிசை அடுத்துள்ள சாந்த் குருவாவில் முத்திப்பேறு பெற்ற லவால் அடிகளாரின் கல்லறையைத் தரிசிக்க அவர்கள் பேருந்தேறிவிட்டனர். ("நீங்கள் மீனைப் பிடியுங்கள், நாங்கள் புனிதரைப் பிடிக்கிறோம்" என்பது மருமகளின் கேலி.)

படகில் இருவர் இருந்தனர். படகுத் தலைவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கிரியோல் இனத்தவர். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர். சுக்கானுக்கு மேலே லவால் அடிகளாரின் சிறு படம் ஒட்டியிருந்தார். உதவியாளன் இருபத்திரண்டு வயது இளைஞன். அவன் பெயர் தமிழ்ப் பெயர். ஆனால் தமிழ் பேசத் தெரியாது. அவனுடைய கிரியோல் மொழியில் முருங்கைக் கீரை 'பிரேத் மூரூம்', கறிவேப்பிலை 'கரிபூலே'. இவ்விரண்டையும் கேட்டு நான் சிரிக்க, அவனும் சிரித்தான். பிறகு தன் மணிக்கட்டைக் காட்டி, தைப்பூசக் காவடிக்காக நோன்பிருப்பதாகச் சொன்னான். பத்து நாள் மீனும் இறைச்சியும் தொடமாட்டானாம். "மீன்படகில் வேலை செய்கிறாயே?" என்று கேட்டேன். "கையால் தொடலாம், வாயால்தான் கூடாது" என்றான். நம் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன்கடை நடத்துவோரும் நினைவுக்கு வந்தனர். ஆனால் நமக்கு அன்று மீன் விலக்கன்று.

பவளப்பாறை வளையத்தில் உள்ள வழியைக் கடந்ததும் அலையின் குணமே மாறிற்று. இடப்புறம் லெ மோர்ன் மலை கடலினின்று செங்குத்தாய் எழுந்து நின்றது. உயரம் 556 மீட்டர். தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த குன்று அது. யுனெஸ்கோ 2008 இல் அதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. மலையைச் சுட்டிக் காட்டிய படகுத் தலைவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

மீன்பிடிக்கும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். படகின் இருமருங்கிலும் நீண்ட கழிகள் விரிந்து நிற்கும். அவற்றின் வழியாகவும் பின்புறத்துத் தண்டுகளிலிருந்தும் நான்கைந்து கயிறுகள் கடலில் செல்லும். ஒவ்வொன்றின் முனையிலும் பல வண்ணக் குஞ்சம் கட்டிய போலி இரை. மணிக்கு எட்டுக் கடல் மைல் அளவில் படகு ஓட, அந்தக் குஞ்சங்கள் நீர்மட்டத்தில் குதித்துக் குதித்து, அஞ்சி ஓடும் சிறு மீன்களைப் போலத் தோன்றும். நடுவில் தரையோடு பொருத்திய சுழல் நாற்காலி ஒன்று. மீன் பற்றியதும் அதில் உட்கார்ந்து, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, பெரிய சுருளைச் சுற்ற வேண்டும். வெறுங்கைகளால் கயிற்றைப் பற்றி, உள்ளங்கை அறுபட இழுத்தவர்களின் வழித்தோன்றலுக்கு அந்த நாற்காலி பல் மருத்துவரின் நாற்காலியைத்தான் நினைவூட்டியது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு சூரை மீன்கள் பிடிபட்டன. மூன்றாவதாகப் பிடிபட்டவன் நான். குடல் முழுதும் வாய்வழியே வெளிவரும் போலிருந்தது. மீனவர் குலத்துப் பெருமையெல்லாம் படகின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. உதவியாளன் எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னான். இப்பயணத்தை மேற்கொள்ளும் அன்பர்கள் முதல்நாள் இரவே மாத்திரை போட்டுக்கொள்வதும், காலையில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்ப்பதும் நன்று.

பிறகு நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. நற்செய்தி ஏடுகளில் மீன்பிடிப்பு என்றால் ஏறக்குறைய எங்கும் வலைதான். தூண்டில் வருவது ஒரே இடத்தில்: கோவில் வரி செலுத்துவதற்காக இராயப்பரைக் கடலுக்கு அனுப்பி, முதலில் அகப்படும் மீனின் வாயில் நாணயம் இருக்கும் என்று ஆண்டவர் சொல்லும் மத்தேயுவின் பகுதி. இதைப் படகுத் தலைவரிடம் சொன்னேன். அவர் ஆங்கிலம் நன்றாகவே பேசினார். அத்தீவில் பள்ளிப்பாடம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், வீட்டுப்பேச்சுக் கிரியோலில் என்று அமைந்திருக்கிறது. அவர் சிறிது யோசித்து, "இராயப்பருக்கும் அந்த மீன் சொந்தமில்லை, மிசியே. வரிக்குப் போயிற்று" என்றார்.

பேச்சு அவ்வாறே மீனுக்கும் பணத்துக்கும் திரும்பிற்று. படகு அவருடையதன்று, உரிமையாளர் வேறொருவர். நாங்கள் செலுத்திய கட்டணத்தில் எரிபொருளும் பராமரிப்பும் உரிமையாளரின் பங்கும் போக, இவருக்கும் உதவியாளனுக்கும் கிடைப்பது நாள்கூலி. மீன் விற்ற பணத்தில்தான் அவர்களுக்கு நியாயமான பங்கு. ஒரு மர்லின் கிடைத்தால் அந்த வாரம் நல்ல வாரம். நோய்த்தொற்றின்போது 2020 மார்ச்சில் அடைபட்ட தீவு, 2021 அக்டோபரில்தான் பயணிகளுக்கு முழுமையாகத் திறந்தது. அந்த ஒன்றரை ஆண்டில் இந்த நாற்காலியில் உட்கார ஒருவரும் வரவில்லை. அதற்கிடையில் 2020 ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்னும் ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையில் ஏறி நின்று, ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெயைக் கடலில் கக்கியது. மக்கள் கரும்புச் சருகைத் துணிப்பைகளில் அடைத்து மிதவைகளாகத் தைத்து எண்ணெயைத் தடுத்தனர். அப்பகுதியில் மீன்பிடித்த அவருடைய மைத்துனர் பல மாதம் கடலுக்குப் போக முடியவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் எழுதிய சுற்றுமடலில், மீன்வளம் குன்றும்போது முதலில் அடிபடுவோர் சிறு மீனவர்களே என்று சுட்டியிருப்பதை நான் சொன்னேன். "அவர் இங்கே வந்தார், 2019 செப்டம்பர் 9, லவால் அடிகளாரின் திருநாளன்று. நான் பூசையில் நின்றேன்" என்றார் அவர்.

லவால் அடிகளாரைப் பற்றி அறியாத அன்பர்களுக்காக ஓரிரு சொற்கள். நார்மண்டியில் மருத்துவராயிருந்து குருவானவர் அவர். 1841 இல் இத்தீவுக்கு வந்தபோது, 1835 இல் சட்டத்தால் விடுதலை பெற்றிருந்த அடிமைகள் சட்டத்தால் மட்டுமே விடுதலை பெற்றிருந்தனர். அவர்களின் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்து, 1864 செப்டம்பர் 9 அன்று மறைந்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979 இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவரது கல்லறைக்கு இந்துக்களும் முகமதியரும் மெழுகுதிரி ஏந்தி வருகின்றனர்.

பத்தரை மணி இருக்கும். வலப்புறச் சுருள் கிறீச்சென்று அலறியது. உதவியாளன் ஏதோ கத்தினான். படகின் பின்னே நூறு மீட்டர் தொலைவில் கடல் பிளந்து, நீலமும் வெள்ளியுமாய் ஓருரு முழு நீளத்துக்கும் எழுந்து, தலையை உதறிவிட்டு விழுந்தது. அந்த நீலத்தை எழுத்தில் வடிக்க எனக்குத் திறனில்லை. சினமுற்றபோது மர்லினின் உடலில் பட்டைகள் ஒளிவிடும் என்று பின்னர் அறிந்தேன்.

மகன் நாற்காலியில் அமர்ந்தான். விளையாட்டு மீன்பிடிப்புக்கு உலகளாவிய சங்கம் ஒன்று 1939 முதல் இருக்கிறது. தூண்டில் பிடித்தவரைத் தவிர வேறெவரும் தண்டைத் தொட்டால் அந்த மீன் கணக்கில் சேராது என்பது அதன் விதி. ஆகவே நாற்பது நிமிடம் அவன் தனியாகவே போராடினான். இழுப்பான், மீன் ஓடும், மீண்டும் இழுப்பான். தோள்கள் நடுங்கின. "போதும், வேறு யாராவது பிடியுங்கள்" என்று ஒரு முறை கெஞ்சினான். படகுத் தலைவர் தலையசைத்தாரே தவிரத் தொடவில்லை. படகை மட்டும் மீனின் போக்குக்கேற்ப மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். உண்மையில் பாதி மீனை அவரே பிடித்தார் எனலாம்.

மீன் படகின் பக்கம் வந்து சேர்ந்தது. தொண்ணூறு கிலோ இருக்கும், ஆண் மீன் என்றார். தட்டுப் போன்ற பெரிய கண் எங்களைப் பார்த்தது. அல்லது பார்ப்பதுபோல் இருந்தது. மகன் மூச்சு வாங்கக் குனிந்து அதைக் கண்டான். காலையில் மீனை நாம் எடுத்துக்கொள்ள முடியாதா என்று வழக்காடியவன் அவன். "விட்டுவிடுங்கள். இவ்வளவு அழகானதைக் கொல்ல வேண்டாம்" என்றான் இப்போது.

படகில் யாரும் பேசவில்லை. உதவியாளன் கையில் கொக்கியை ஏந்தியபடி தலைவரைப் பார்த்தான். தலைவர் கடலைப் பார்த்தார்.

என் மகனின் சொல் நல்ல சொல். 1992 இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தேவையின்றி உயிர்களைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. இந்தியப் பெருங்கடலின் சூரை மீன் ஆணையம் 2022 இல் மதிப்பிட்டபோது நீல மர்லின் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்படும் இனம் என்றே கண்டது. 2018 இலேயே பிடிப்புக்கு வரம்பும் விதித்திருந்தது. பெரும்பகுதியைப் பிடிப்பன வணிகக் கப்பல்களின் நீள்கயிறுகளும் செவுள்வலைகளுமே எனினும், ஒரு மீனும் ஒரு மீன்தான். மீனுக்கு எண்ணிட்ட அடையாளம் குத்தித் திரும்ப விடும் பழக்கமும் பல படகுகளில் உண்டு. இவையெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் என் கண் உதவியாளனின் கால்மேல் விழுந்தது. செருப்பின் வார் அறுந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது. தேவையின்றி என்கிறோமே, யாருடைய தேவை? நாற்காலியில் இருந்தவனுக்கு அந்த மீன் தேவையில்லை. சுக்கான் பிடித்தவருக்கு அது அந்த வாரத்து வீட்டுச் செலவு. நாம் இரக்கம் காட்டுகிறோம். அதற்கு விலை கொடுப்பவர் அவர். "மகனே, மீன் நம்முடையதன்று. அதை விடச் சொல்ல நமக்கு என்ன உரிமை? முடிவை அவரிடம் விடு" என்றேன்.

அவன் உடனே, "மீனின் விலையை நானே தருகிறேன், விட்டுவிடட்டும்" என்றான். இதை ஆங்கிலத்தில் கேட்ட படகுத் தலைவரின் முகம் மாறிற்று. கோபமா, வருத்தமா என்று என்னால் சொல்ல இயலவில்லை. அவர் குனிந்து மீனின் செவுளைக் காட்டினார். கொக்கி தாடையில் மாட்டாமல் உள்ளே இறங்கியிருந்தது; இரத்தம் கோடாய் நீரில் கரைந்துகொண்டிருந்தது. "உதட்டில் மாட்டியிருந்தால் உங்கள் சொற்படி விட்டிருப்பேன், பணமில்லாமலே. இது பிழைக்காது. விட்டால் சுறாவுக்குத்தான்" என்றார். அது முழு உண்மையா, எங்கள் மனம் ஆறச் சொன்னதா என்று இன்றும் நான் அவ்வப்போது நினைப்பதுண்டு. செவுளில் இரத்தம் இருந்தது என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது.

மரக்கட்டையால் ஓர் அடி. அதற்குமுன் உதவியாளன் கண்ணை மூடி உதட்டை அசைத்ததைக் கவனித்தேன். படகுக்குள் இழுத்துப் போட்ட சில நிமிடங்களில் அந்த நீலம் மெல்ல வடிந்து, மீன் சாம்பல் நிறமாயிற்று. மகன் தன் கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை.

துறையில் நிறுத்துப் பார்த்தபோது 87 கிலோ. வியாபாரி ஏற்கனவே காத்திருந்தார். அத்தீவில் மர்லினைப் புகையிட்டு மெல்லிய துண்டுகளாக விற்பர். படகுத் தலைவர் சூரை மீன்களில் ஒன்றை எடுத்து, துண்டுகளாக்கி, வாழையிலையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். விதிப்படி அவர் தர வேண்டியதில்லை. மகன் தந்த அன்பளிப்பை, தமிழ் எழுத்துள்ள அந்த ரூபாய்த் தாள்களை, மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பாதியை அங்கேயே எண்ணி உதவியாளனிடம் கொடுத்தார்.

அன்று மாலை விடுதிச் சமையற்காரர் அந்தச் சூரையைக் கடுகு, மஞ்சள், வினிகர் சேர்த்து 'விந்தாய்' என்னும் பதார்த்தமாகச் செய்து கொடுத்தார். நம் ஊர் மீன் ஊறுகாய்க்கு அக்காள் முறை என்று சொல்லலாம். சாந்த் குருவாவிலிருந்து திரும்பிய பெண்கள், கல்லறையருகே புடவையுடுத்த இந்துத் தாய் ஒருத்தி கைக்குழந்தையைக் கிடத்தி வணங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தனர். மகன் அதிகம் பேசவில்லை. வீங்கிய விரல்களால் உணவைப் பிசைந்தபடி இருந்தவன், திடீரென நிமிர்ந்து கேட்டான்:

"அப்பா, கொள்ளுத் தாத்தா என்ன மீன் பிடிப்பார்? அவர் எந்தப் புயலில் போனார்?"

முப்பது ஆண்டுகளில் அவன் இதைக் கேட்டதில்லை. நானும் என் தந்தையிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்றே சொல்ல வேண்டியதாயிற்று. தந்தையின் தமக்கை, என் பெரிய அத்தை, தொண்ணூறு வயதில் இன்னும் ஊரில் இருக்கிறாள். புயல் வந்த அன்று அவளுக்குப் பதின்மூன்று வயதாவது இருந்திருக்கும். ஊர் திரும்பியதும் இருவருமாகப் போய் அவளைப் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.